மூன்று மொழிக் கணினியில் எந்த விசைப்பலகை முதலில் இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டு மடிக்கணினியை மூன்று பேர் பயன்படுத்துகிறோம். அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் எழுதுகிறேன். மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் வேண்டும், பள்ளிப் பாடத்துக்கு இந்தியும் வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய அன்று, தமிழ்தான் முதலில் வர வேண்டும் என்ற ஆசையில் விசைப்பலகைப் பட்டியலில் தமிழை முதல் இடத்தில் வைத்தேன். மறுநாள் நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு. "கடவுச்சொல் தப்புன்னு சொல்லுதுப்பா, பத்து தடவ போட்டுட்டேன்." அவர் போட்டது சரியான கடவுச்சொல்தான். ஆனால் திரை பூட்டியபோது தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலம் என்று நினைத்துத் தட்டிய ஒவ்வொரு விசையும் தமிழாக உள்ளே போயிற்று. கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டும்தான் தெரியும் என்பதால், எந்த மொழி விழுகிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இயல்பிருப்பு விசைப்பலகை என்றால், கணினி திறந்தவுடன் முதல் தட்டலை வாங்கிக்கொள்ளும் விசைப்பலகை. கடவுச்சொல், வைஃபை சாவி, இணைய முகவரி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் அந்த முதல் தட்டலில்தான் போகின்றன. ஆகவே முதல் இடம் ஆங்கிலத்துக்கு, இரண்டாவது இடம் தமிழுக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு குறுக்குவிசை. இப்படி வைத்தால் தமிழ் பின்தங்கிவிடாது. யோசிக்காமல் தமிழுக்கு வர முடிகிறது என்பதால், உண்மையில் இப்படி வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் தமிழில் எழுதுவது கூடியது.

முதல் இடத்தில் எந்த ஆங்கிலம்?

இது பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம். பட்டியலில் அமெரிக்க ஆங்கிலம், பிரித்தானிய ஆங்கிலம், இந்திய ஆங்கிலம் என்று பல இருக்கும். இந்தியாவில் விற்கும் கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்புதான் விசைகளின் மேல் அச்சிட்டிருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். ஷிஃப்ட் விசையோடு 2-ஐ அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறி வந்தால் சரி. இரட்டை மேற்கோள்குறி வந்தால் பிரித்தானிய அமைப்பில் இருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள்.

ரூபாய்க் குறி அடிக்கடி தேவைப்படுபவர்கள் 'இந்திய ஆங்கிலம், ரூபாயுடன்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துகளெல்லாம் அமெரிக்க அமைப்பில் இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கும். ஸ்பேஸ் பட்டைக்கு வலப்பக்கம் உள்ள ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ₹ கிடைக்கும். கடைக் கணக்கு, ரசீது எழுதுபவர்களுக்கு இதுவே நல்லது.

எதை எடுத்தாலும் ஒரே ஒரு ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆங்கிலம் பட்டியலில் இருந்தால், மாற்றும் விசையை அழுத்தும்போது தமிழ் வரும் என்று நினைத்த இடத்தில் இன்னொரு ஆங்கிலம் வரும். விண்டோஸில் மொழி சேர்க்கும்போது இது தானாகவே நடந்துவிடுகிறது. கூடுதலாக வந்ததை நீக்கிவிடுவதுதான் வழி.

தமிழில் எந்த அமைப்பு?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் விரல்களுக்கு ஒருமுறை பழகிய அமைப்பை மாற்றுவது சுலபமில்லை.

தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. தமிழ்ச் சொற்களில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. விசைப்பலகையைப் பார்க்காமல் கை வைத்தால் எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு தட்டுப்படும். தமிழ்99-இல் எஃப் மேல் புள்ளியும் ஜே மேல் பகரமும் உட்கார்ந்திருக்கின்றன. அடிக்கடி வரும் புள்ளி, ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே இருப்பது பெரிய வசதி.

இதன் உண்மையான அழகு தானாக விழும் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டலில் 'அம்மா' வந்துவிடும். இன எழுத்துகளுக்கும் இதே கதைதான். ந-வுக்குப் பின் த தட்டினால் 'ந்த', ங-வுக்குப் பின் க என்றால் 'ங்க', ண-வுக்குப் பின் ட என்றால் 'ண்ட', ன-வுக்குப் பின் ற என்றால் 'ன்ற'. 'வணக்கம்' எழுத வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறு தட்டல். இதையே ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பில் vaNakkam என்று எழுதினால் எட்டுத் தட்டல், அதில் ணகரத்துக்கு ஷிஃப்டும் சேரும். 'வந்தான்' இங்கே ஆறு, அங்கே எட்டு.

புள்ளி வேண்டாத இடத்தில் அகரத்தைத் தட்டிக்கொள்ள வேண்டும். 'மமதை' எழுத ம, அ, ம, த, ஐ. 'தத்துவம்' எழுத த, அ, த, த, உ, வ, ம, புள்ளி. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

ஒலிப்பு முறை ஆங்கில விசைகளைத் தெரிந்தவர் உடனே தொடங்கலாம் என்பதால் பரவலாக இருக்கிறது. கைப்பேசியில் பழகியவர்களுக்கு இது ஒன்றுதான் தெரியும். அதில் குறை என்று சொன்னால், ல-ள-ழ, ன-ண-ந, ர-ற ஆகியவற்றைப் பிரிக்க ஷிஃப்டையும் சில தனி விசைகளையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த இடங்கள் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் மாறும். 'அஞ்சல்' என்ற தட்டச்சு முறையும் இந்த வகைதான். தமிழ்99, அஞ்சல் இரண்டும் மேக் கணினியிலேயே பல வருடமாக உள்ளிணைந்து வருகின்றன. கொஞ்சமாக எழுதுபவருக்கு ஒலிப்பு போதும். தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் தமிழ்99-க்கு இரண்டு வாரம் ஒதுக்கினால், பிறகு அந்த நேரம் பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இன்ஸ்கிரிப்ட் இந்திய அரசின் தரம். இதன் பலமே வேறு. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே இட ஒழுங்கு. தமிழ்க் ககரம் இருக்கும் விசையிலேயே இந்திக் ககரமும் மலையாளக் ககரமும் இருக்கும். ஆகவே தமிழ், இந்தி, மலையாளம் மூன்றும் எழுதுகிறவர் ஒருமுறை பழகினால் மூன்றுக்கும் ஆகிவிடும். கோயம்புத்தூர், நாகர்கோவில் பக்கம் மலையாளமும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தட்டச்சு இயந்திர அமைப்பை விட மனம் வராதவர்களை வற்புறுத்தாதீர்கள். என் அப்பாவுக்குத் தமிழ்99-ஐச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். முப்பது வருட விரல்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. லினக்ஸில் எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பிலேயே 'டைப்ரைட்டர்' என்ற அமைப்பு இருக்கிறது. இயந்திரத்தில் 'கெ' அடிக்கக் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரத்தை அடிப்பார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் சேமிக்கும்போது ககரம் முதலில், கொம்பு பின்னால். இந்த வரிசையை மாற்றும் வேலையை, தட்டலை எழுத்தாக்கித் தரும் உள்ளீட்டு முறை பார்த்துக்கொள்ளும், தட்டுகிறவர் கவலைப்பட வேண்டாம். விண்டோஸில் இதற்கு என்எச்எம் ரைட்டர் போன்ற ஒரு தனி மென்பொருள் தேவை.

இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் அமைப்பு கைவந்திருக்கும். அதுவும் எம்17என்-இல் இருக்கிறது.

பாமினி பற்றி ஒரு சொல். பாமினி எழுத்துருவில் எழுதியது பார்வைக்குத் தமிழ்தான், கணினிக்குள் ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றினால் மொத்தமும் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. பாமினி விசைகள் கைக்குப் பழகியிருந்தால் அதே விசைகளில் யூனிகோடாக எழுதித் தரும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், பாமினி எழுத்துருவை விட்டுவிடுங்கள்.

உபுண்டு, ஃபெடோரா: க்னோம் மேசைத்தளத்தில் அமைப்பது

முதலில் 'ஐபஸ் எம்17என்' என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். உபுண்டுவில் 'லாங்குவேஜ் சப்போர்ட்' என்ற பகுதியைத் திறந்து தமிழைச் சேர்த்துப் பாருங்கள். தொகுப்பு அதோடு வராவிட்டால் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவியபின் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இதைச் செய்யாமல் "பட்டியலில் தமிழ்99 வரவே இல்லை" என்று தேடி நேரத்தை வீணாக்குபவர்கள் அதிகம்.

அப்புறம் 'செட்டிங்ஸ்' திறந்து, 'கீபோர்டு' என்ற பக்கத்துக்குப் போங்கள். மேலேயே 'இன்புட் சோர்ஸஸ்' என்ற பட்டியல் இருக்கும். கூட்டல் குறியைத் தட்டித் தமிழைத் தேடுங்கள்.

இங்கே நிறுத்திக் கவனமாகப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வகை வரும். 'தமிழ்நெட் 99' என்ற பெயரோடு சில, அடைப்புக்குறிக்குள் எம்17என் என்று போட்ட 'தமிழ்99' இன்னொன்று. முதல் வகை வெறும் விசைப்பட்டை. ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் தானாகப் புள்ளி வைக்க அதனால் முடியாது. 'அம்மா' என்று எழுத நினைத்து 'அமமா' என்று வந்தால், நீங்கள் எடுத்தது இந்த வகை. இரண்டாவதுதான் உண்மையான உள்ளீட்டு முறை. முன்னெழுத்தைப் பார்த்து முடிவு செய்யும்.

அந்த முதல் வகையிலேயே டேப், டிஸ்கி என்ற பெயர்களோடும் சில இருக்கும். அவை யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்கள். இன்றைக்கு எதற்கும் பயன்படாது, தொடவே வேண்டாம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

எம்17என் வகையை எடுப்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. க்னோமின் பூட்டுத்திரையில் கடவுச்சொல் கேட்கும்போது உள்ளீட்டு முறைகள் ஒதுங்கிக்கொள்கின்றன, வெறும் விசைப்பட்டைகள் மட்டுமே இயங்குகின்றன. நான் அன்றைக்குத் தெரியாமல் எடுத்தது விசைப்பட்டை வகைத் தமிழ். அதனால்தான் அது பூட்டுத்திரை வரைக்கும் வந்து அப்பாவை வெளியே நிறுத்தியது. எம்17என் தமிழ்99 எடுத்திருந்தால் அந்தக் காலை அப்படிப் போயிருக்காது.

சேர்த்தபின் வரிசையைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றையும் இழுத்து மேலே கீழே நகர்த்தலாம். ஆங்கிலம் மேலே, அடுத்து தமிழ், கடைசியில் இந்தி. இந்திக்கு எங்கள் வீட்டில் ஒலிப்பு முறை வைத்திருக்கிறோம். மகள் வாரம் ஒருமுறைதான் எழுதுகிறாள், அதற்கு அது போதும்.

கேடிஇ பிளாஸ்மா பயன்படுத்துபவர்களுக்கு

க்னோம் போல இன்னொரு லினக்ஸ் மேசைத்தளமான பிளாஸ்மாவில் நான் ஃபைடிக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். தேடும்போது எஃப், சி, ஐ, டி, எக்ஸ் என்று எழுத்துக்கூட்டித் தேடுங்கள். அதோடு அதற்கான எம்17என் துணைத்தொகுப்பையும் நிறுவுங்கள். பிறகு 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, கீபோர்டு பகுதியில் 'வர்ச்சுவல் கீபோர்டு' என்ற இடத்தில் ஃபைடிக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் திரையில் வரும் விசைப்பலகை என்று தோன்றும். லினக்ஸின் புதிய காட்சி அமைப்பான வேலேண்டில் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுப்பதும் இதே இடத்தில்தான்.

உள்ளீட்டு முறையைச் சேர்க்கும் சாளரத்தில் 'நடப்பு மொழியை மட்டும் காட்டு' என்ற பொருளில் ஒரு பெட்டி டிக் ஆகியிருக்கும். கணினி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் எதுவும் அங்கே தெரியாது. அந்த டிக்கை எடுத்தவுடன் முழுப்பட்டியலும் வரும். இங்கேயும் முதல் வரியில் ஆங்கில விசைப்பட்டைதான் இருக்க வேண்டும். ஃபைடிக்ஸ் அதைத்தான் 'ஓய்வு நிலை'யாக வைத்துக்கொண்டு, குறுக்குவிசை அழுத்தும்போது தமிழுக்குப் போகும்.

விண்டோஸ் 11

'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' என்று போய்த் தமிழைச் சேருங்கள். சேர்க்கும்போது 'இதையே விண்டோஸின் காட்சி மொழியாக வை' என்ற பெட்டி வரும். பட்டியல்களும் தமிழில் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், தமிழில் தட்டச்சு செய்ய அது தேவையில்லை. சேர்த்தபின் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் விசைப்பலகைகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். வெறுமனே 'தமிழ்' என்று இருப்பது இன்ஸ்கிரிப்ட் வழியில் வந்தது. தமிழ்99 தனியாக இருக்கும், ஒலிப்பு முறையும் தனியாக இருக்கும். வேண்டியதைச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள். நீக்காமல் விட்டால் ஒவ்வொரு முறையும் தமிழ்99-ஐ அடைய இன்ஸ்கிரிப்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

இயல்பிருப்பை முடிவு செய்யும் இடம் வேறு. 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியிலேயே 'டைப்பிங்' என்பதில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதில் முதலாவதாக வருவதுதான் இயல்பிருப்பு. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், மொழிப் பட்டியலில் மேலே இருப்பதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். காட்சி மொழியாக வைக்கும் மொழி பட்டியலில் மேலே போய்விடலாம் என்பதால், தமிழைக் காட்சி மொழியாக வைத்தவர்கள் இங்கே வந்து ஆங்கில விசைப்பலகையைத் தனியாகத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

பலர் உபயோகிக்கும் கணினி என்றால் இன்னொரு வேலை பாக்கி. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால் உங்கள் அமைப்புகளை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர் கணக்குகளுக்கும் நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். நூலகம், பள்ளிக்கூடக் கணினி அறை போன்ற இடங்களில் இதை ஒருமுறை செய்துவிட்டால், புதிதாகக் கணக்குத் தொடங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தமிழ்99 தயாராக இருக்கும்.

குறுக்குவிசை

க்னோமிலும் விண்டோஸிலும் இயல்பாக வருவது ஒன்றே: விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ். லினக்ஸ்காரர்கள் அந்த விசையை சூப்பர் என்பார்கள். இதை மாற்றாமல் விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் உபுண்டு என்று இருந்தாலும் கை ஒரே பழக்கத்தில் நிற்கும்.

விண்டோஸில் இடப்பக்க ஆல்டும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினாலும் மொழி மாறும். வேறு எதற்கோ அந்த இரண்டையும் தொட்டு, தெரியாமல் மொழி மாறிவிட்டது என்ற புகார் இதனால்தான் வருகிறது. 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' என்ற சாளரத்தில் அதை எடுத்துவிடலாம். அதே சாளரத்தில் ஒவ்வொரு மொழிக்கும் நேரடி விசை கொடுக்கவும் முடியும். கண்ட்ரோல், ஷிஃப்டோடு 1 என்றால் ஆங்கிலம், 2 என்றால் தமிழ், 3 என்றால் இந்தி. மூன்று மொழி வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். சுற்றிச் சுற்றிப் போகாமல் வேண்டிய மொழியில் நேரே இறங்கலாம்.

க்னோமில் மூன்று மொழி இருந்தாலும் அவ்வளவு சிரமமில்லை. சூப்பரும் ஸ்பேஸும் ஒருமுறை அழுத்தினால், கடைசியாகப் பயன்படுத்திய மொழிக்குத் திரும்பும். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி எழுதும்போது நடுவில் இந்தி குறுக்கிடாது.

ஃபைடிக்ஸில் இயல்பு கண்ட்ரோலும் ஸ்பேஸும். நிரல் எழுதும் பல மென்பொருள்களில் சொல்லை நிரப்பித் தரும் விசையும் அதுவே. நிரல் எழுதுகிறவர் என்றால் முதல் வேலையாக ஃபைடிக்ஸில் அதை சூப்பர்-ஸ்பேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாச் சாளரத்துக்கும் ஒரே மொழியா, ஒவ்வொன்றுக்கும் தனியா?

க்னோமில் இன்புட் சோர்ஸஸ் பட்டியலுக்குக் கீழேயே இந்தத் தேர்வு இருக்கும். விண்டோஸில் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒரு டிக் பெட்டி. ஃபைடிக்ஸில் 'உள்ளீட்டு நிலையைப் பகிர்வது' என்ற பொருளில் ஒரு வரி.

தனித்தனியாக வைத்தால், எழுதும் சாளரம் தமிழில் நிற்கும், டெர்மினலோ கணக்குத் தாளோ ஆங்கிலத்தில் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மொழியும் கூடவே மாறும். எனக்கு இது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் உலாவியில் ஏமாறாதீர்கள். பத்து தாவல் திறந்திருந்தாலும் அது ஒரே சாளரம்தான், தாவலுக்குத் தாவல் மொழி நினைவிருக்காது.

பெரியவர்களுக்கும் புதிதாகக் கணினி பழகுகிறவர்களுக்கும் ஒரே மொழி என்ற தேர்வுதான் நல்லது. தாங்கள் மாற்றாமல் எதுவும் மாறக்கூடாது என்று அவர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அப்பாவின் கணக்கில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இதற்காகவே ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்கினோம். ஒரே கணக்கில் டைப்ரைட்டர், தமிழ்99, ஒலிப்பு மூன்றையும் அடுக்கி வைத்தால் யாருக்கும் நிம்மதி இல்லை.

அமைத்து முடித்ததும் இந்தச் சொற்களைத் தட்டிப் பாருங்கள்

ஒரு சாதாரண உரைத்தொகுப்பியைத் திறந்து எழுதுங்கள்: அம்மா, தங்கம், கொக்கு, ஸ்ரீ, அஃது, பௌர்ணமி, ஔவையார்.

முதல் இரண்டும் தானாகப் புள்ளி விழுகிறதா என்பதற்கு. தமிழ்99-இல் கிரந்த எழுத்துகள் ஷிஃப்டோடு மேல்வரிசையில் இருக்கின்றன, ஆய்தம் ஷிஃப்டோடு புள்ளி விசையில்.

கடைசி இரண்டுதான் முக்கியம். 'பௌர்ணமி' என்பதில் வரும் ஔகாரக் குறி யூனிகோடில் ஒரே குறி. ஆனால் பார்வைக்கு அது கொம்பும் ளகரமும் போலவே இருப்பதால், பலர் 'பெ' எழுதி அடுத்து 'ள' தட்டிவிடுகிறார்கள். திரையில் 'பெளர்ணமி' கிட்டத்தட்ட வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறு இடத்தில் போய் உட்காரும், வாசித்துக் காட்டும் மென்பொருள் 'பெள' என்றே படிக்கும். 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' என்று எழுதுவதும் இதே பிழை. பார்வையற்ற நண்பர் ஒருவர் திரைவாசிப்பானில் 'ஒளவையார்' என்று கேட்டுவிட்டு, இது யார் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இந்த எழுத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தமிழ்99-இல் ஔகாரம் கீழ்வரிசையில் இடக்கோடியில், இஸட் விசையில் இருக்கிறது. பகரத்தைத் தட்டி அதைத் தட்டினால் 'பௌ'. சரியாக வந்ததா என்று பார்க்க, கண்டுபிடி பெட்டியில் ளகரத்தை மட்டும் தேடுங்கள். 'பௌர்ணமி' மேல் நிறம் விழாமல் இருந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

இதே சொற்களை உலாவியிலும் லிப்ரே ஆஃபீஸிலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் பெரும்பாலும் நிறுவியபின் வெளியேறி உள்நுழையாததுதான் காரணம்.

பூட்டுத்திரையில் மாட்டிக்கொண்டால்

பதற வேண்டாம், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடவும் வேண்டாம். க்னோமில் திரையின் மேல் வலது மூலையில் விசைப்பலகையின் சுருக்கப் பெயர் இரண்டு மூன்று எழுத்தில் தெரியும். விண்டோஸில் கீழ் வலது மூலையில் இருக்கும். அதைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறலாம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அழுத்தி, என்ன விழுகிறது என்று நேரிலேயே பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இதை ஒரு அட்டையில் எழுதி மடிக்கணினியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மூன்றே வரி. மேல் மூலையைப் பார். ஆங்கிலம் இல்லை என்றால் அதைத் தட்டு. தமிழ் வேண்டும் என்றால் விண்டோஸ் படம் போட்ட விசையும் ஸ்பேஸும். போன மாதம் அவர் சங்கத்துக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம், கொம்பை முதலில் அடித்து அடித்தே எழுதியது, முழுக்க யூனிகோடில் இருக்கிறது.